கச்சான் நாட்களில் மட்டும்

மூன்றாவது புகார் வந்தால் வேலை போய்விடும். கடிதத்தில் அப்படி நேராக எழுதவில்லை. “தாங்கள் தொடர்வது குறித்து மறுபரிசீலனை செய்ய நேரிடும்” என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். லத்தீபாவுக்கு மரியாதைக்குப் பின்னால் இருந்தது புரிந்தது.

2009 ஜூலை. ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்தில் மெயின் ரோட்டை ஒட்டியது அவள் வீடு. லத்தீபாவுக்கு இருபத்தொன்பது வயது. மதரஸாவில் ஏழு வருஷம் படித்து ஆலிமா பட்டம் வாங்கியவள். வாங்கிய பட்டம் எட்டு வருஷம் பீரோவில் கிடந்தது. இந்த ஜனவரியில்தான் பினாங்கில் இருந்து நடக்கும் ஓர் இணையக் குர்ஆன் ஓதல் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. வாரத்தில் ஐந்து நாள், மாலை நாலேகால் முதல் ஆறு வரை, உள்ளறையில் லேப்டாப் முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஐந்து பிள்ளைகள் உட்காருவார்கள். அவள் ஓத, அவர்கள் கேட்டுத் திருப்பி ஓத வேண்டும்.

கணவன் சலாஹுதீன் சவூதியில், தம்மாமில் இருந்தான். உம்மா காலமான பிறகு வீட்டில் அவளும் அவளுடைய வாப்பா வாவு முகம்மதும்தான்.

சிக்கல் இதுதான். ஓதுவதில் நீட்டத்துக்கு அளவு உண்டு. சில இடத்தில் இரண்டு எண்ணிக்கை, சில இடத்தில் நாலு, சில இடத்தில் ஆறு. விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணுவார்கள். இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் ஆறு, ஆறாகவே பினாங்கு போய்ச் சேர்ந்தது. கெட்ட நாளில் மூன்று போய், நாலு நொடி செத்துக் கிடந்து, மிச்ச மூன்றும் அடுத்த வசனத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் போய் விழுந்தது. அங்கே மஹ்மூது என்ற ஏழு வயதுப் பையன் அதை அப்படியே கேட்டு, நடுவில் நாலு நொடி வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, மிச்சத்தைக் கடகடவென்று ஓதினான். ஆசிரியை எப்படி ஓதினாரோ அப்படி. அவனுடைய உம்மா புகார் எழுதினாள்.

அதுதான் முதல் புகார்.

பழுது பார்க்க வந்தவன் குருநாதன். பரமக்குடிக்காரன். பிராட்பேண்ட் வேலைகளை எடுத்துச் செய்யும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் இருந்தான். ராமநாதபுரத்தில் இருந்து பாம்பன் பாலத்தைத் தாண்டி பைக்கில் வந்தான். பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் போன் செய்து, “வாரேன் பாய், வீட்ல இருப்பீகள்ல?” என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவன். ஒருமுறை ஆள் இல்லாத வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் நின்ற அனுபவம்.

முன்னறையில், ஜன்னலுக்குப் பக்கத்து மரப்பலகையில் மோடம் இருந்தது. அதில் இருந்து வயர் இல்லாமலே உள்ளறைக்கு நெட் போயிற்று. குருநாதன் லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டினான். லேப்டாப்பில் இருந்து ஒரு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒவ்வொரு வரியாக எண் விழுந்தது. எண் சின்னதாக இருந்தால் ஆரோக்கியம்.

“முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது. நாப்பது. இதுக்கு மேல ஒரு லைனு வேணும்னா மெட்ராசுலதான்க்கா இருக்கும்.”

“நீங்க போனதும் பாருங்க தம்பி” என்றாள் லத்தீபா, கதவுக்குப் பின்னால் இருந்து.

“நான் போனதும் நான் எப்படிக்கா பாக்குறது?”

அவன் போனான். அடுத்த நாள் மாலை பாடம் மூன்று முறை அறுந்தது.

இரண்டாம் முறை வந்தபோதும் அதே முப்பத்தெட்டு. குருநாதன் முன்னறையைச் சுற்றிப் பார்த்தான். தம்மாமில் இருந்து வந்த கார்ட்லெஸ் போன் ஒன்று ஸ்டூலில் நின்றது. அதைச் சந்தேகப்பட்டான். “இதுவும் அதுவும் ஒரே அலைவரிசையில பேசும்க்கா. ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுனா யாருக்கு என்ன கேக்கும்?” கார்ட்லெஸ் போன் பீரோவுக்குள் போயிற்று. பழைய வயர் போன் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை மறுபடி அறுந்தது.

அடுத்த சந்தேகம் பக்கத்து வீட்டு ஹமீது சுல்தான். அவன் தங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து இவர்கள் நெட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ்வேர்டைக் கொடுத்தது லத்தீபாவேதான். கறிவேப்பிலை கேட்பதுபோலக் கேட்டான், கறிவேப்பிலை கொடுப்பதுபோலக் கொடுத்தாள். குருநாதன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போன அன்று சாயங்காலமே ஹமீது சுல்தான் வாசலுக்கு வந்தான்.

“என்ன மாமா, நெட்டுக்குப் பூட்டுப் போட்டுட்டீகளாம்?”

“ஏலே சுல்தானு, அது ஓதிக் குடுக்குறதுக்குப் போட்டது. ஒனக்கு அதுல ஆட்டம் வேணுமாக்கும்” என்றார் வாவு முகம்மது.

“எங்க மாமா ஆட்டம்? அது சுத்திக்கிட்டேல்ல நிக்கிது. ஆளு அவுட்டாகி வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு வந்துருவான், அதுக்குப் பெறகுதான் எனக்குப் பந்தே வருது. பூட்டிக்கங்க. ஒரு நட்டமுமில்ல.”

பூட்டியும் திங்கட்கிழமை அறுந்தது. குருநாதன் மோடத்தின் சேனலை ஆறில் இருந்து பதினொன்றுக்கு மாற்றினான். வெளிச்சுவரில் துருப்பிடித்திருந்த இணைப்பை வெட்டிப் புதிதாக முறுக்கினான். செவ்வாய்க்கிழமை நன்றாக ஓடியது. புதன்கிழமை பாடத்தின் நடுவில் லத்தீபாவின் குரல் பதினோரு நொடி காணாமல் போயிற்று. இரண்டாவது புகார் அன்றைக்கு வந்தது. கடிதம் அதற்குப் பிறகு வந்தது.

கடிதத்தின் கடைசி வரி: சனிக்கிழமை மாலை நாலேகாலுக்குப் பள்ளியின் தலைமை ஆசிரியை சபியா ஆலிமாவே பாடத்தில் அமர்ந்து கேட்பார்.

அவளிடம் இருந்தது இன்னும் ஒரு வாரம்.

“முன்னறையில வந்து ஒக்காந்து எடுங்கக்கா. மோடம் பக்கத்துலயே” என்றான் குருநாதன் போனில்.

“ரோட்டுச் சத்தம் தம்பி. ராமேஸ்வரம் பஸ்ஸு பூராவும் எங்க வாசல்லதான் ஆரன் அடிக்கும். ஓதுற சத்தத்தோட அதுவும் பினாங்கு போய்ச் சேந்துரும்.”

“அப்ப மோடத்துல இருந்து உள்ளறைக்கு வயரே இழுத்துருவோம். ஆனா அவ்வளவு நீள வயரு கையில இல்ல. அடுத்த வாரந்தான் வரும்.”

“சனிக்கிழமை டெஸ்டு.”

“ஒண்ணு பண்ணுங்க. போன மூணு வாரத்துல எந்தெந்த நாள் கெட்டுச்சு, எந்தெந்த நாள் நல்லா இருந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. வியாழக்கிழமை வந்து பாக்குறேன்.”

வியாழக்கிழமை வந்தான். வழக்கம்போல பாலத்துக்கு முன்னால் மண்டபம் ஊரில் இருந்து போன் செய்துவிட்டுத்தான் வந்தான். வழக்கம்போல முப்பத்தெட்டு.

நோட்டில் பதினைந்து பாட நாட்கள் இருந்தன. ஒன்பது கெட்டவை, ஆறு நல்லவை. கிழமையில் ஒழுங்கு இல்லை. மழை பெய்யவில்லை. கரண்ட் போன நாளும் இல்லை. குருநாதன் டீயை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தான். தேதியைச் சரிபார்க்க ஒரு காலண்டர் தேடினான். தலைக்கு நேர் மேலே, தொழுகை நேரங்கள் அச்சிட்ட காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் சில கட்டங்களில் பென்சிலால் சின்னதாக ‘க’ என்று எழுதியிருந்தது. சில கட்டங்கள் காலி.

அவன் நோட்டைத் தூக்கிக் காலண்டருக்குப் பக்கத்தில் பிடித்தான். முதல் கெட்ட நாள், க. இரண்டாவது, க. ஒன்பது வரைக்கும் போனான். ஒன்பதும் க. நல்ல நாட்கள் ஆறும் காலி.

டீ ஆறிவிட்டது.

“பாய், இது என்ன ‘க’?”

வாவு முகம்மது கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அறுபத்தெட்டு வயது. சரக்குக் கப்பல்களில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர். “கச்சான். தென்மேக்குக் காத்து. இந்த வருசம் இப்ப மூணு வாரமாத்தான் அடிக்குது. அது கிளம்புன நாளைக் குறிச்சு வச்சிருவேன். கப்பல் பழக்கம். விட முடியல.”

“கச்சான் அடிக்கிற அன்னிக்கு மட்டும் நெட்டு கெடுது பாய்.”

“காத்துக்கும் நெட்டுக்கும் என்ன தம்பி இருக்கு? காத்து அதைத் தொடவே தொடாது. அதான் கச்சான் கிளம்புனதும் மூடிருவேனே.”

குருநாதன் நோட்டைக் கீழே வைத்தான். “எதை வச்சு மூடுவீக?”

அவர் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு டின்னை எடுத்து வந்தார். சலாஹுதீன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்த பெரிய பிஸ்கட் டின். தலைகீழாகக் கவிழ்த்தால் மோடம் கச்சிதமாக உள்ளே அடங்கும். வயர் வெளியே வர ஓரத்தில் ஒரு வாசல் அறுத்து, வயர் கிழிபடாமல் இருக்க அரம் போட்டு மழுக்கியிருந்தார். சுத்தமான வேலை.

“இந்த மூணு வாரத்துல நாலு தடவ வந்திருக்கேன். ஒரு தடவ கூட இதை நான் பாக்கலையே பாய்.”

“நீங்கதான் போன் போட்டுட்டு வாரீகளே. மெக்கானிக்கு வாரபோது சாமானை மூடியா வச்சிருப்பாக? எடுத்து வச்சிருவேன்.”

குருநாதன் கதவுப் பக்கம் திரும்பினான். “அக்கா, ஒங்களுக்கு இந்த டின்னு தெரியுமா?”

“தெரியும்” என்றாள் லத்தீபா. “தெனம் பாக்குறதுதான். டிவிக்கு உறை இருக்கு, மிக்ஸிக்கு உறை இருக்கு, தையல் மிஷினுக்கு இருக்கு. அது மாதிரி இதுக்கு இதுன்னு நெனச்சேன்.”

கடலுக்கு ஒரு கிலோமீட்டரில் இருப்பவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். தெற்குக் கடலில் இருந்து உப்பு காற்றோடு வந்து எல்லாவற்றையும் தின்கிறது. மூடிய பொருள் பிழைக்கும். மூடாத பொருள் பேரீச்சம்பழக்காரனுக்குப் போகும்.

வாவு முகம்மது அதையேதான் சொன்னார். “போன மோடம் நாலே மாசம். நீங்கதானே மாத்துனீக? பழசைப் பிரிச்சுப் பாத்தேன். உள்ள பூராவும் பச்சை பூத்திருந்துச்சு. இதை ஏழு மாசமாக் காப்பாத்தி வச்சிருக்கேன் தம்பி. அதுக்கு என்னையச் சொல்றீக.”

“ஒங்களச் சொல்லல பாய். ஒரு நிமிசம் இங்கன வாங்க.”

லேப்டாப் உள்ளறையில் இருந்து வந்தது. குருநாதன் கறுப்புத் திரையைத் திறந்து ஓட விட்டான். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, நாற்பது. லேப்டாப்பைப் பழையபடி உள்ளறை மேஜையில் வைத்து, கதவைச் சாத்தச் சொன்னான். பிறகு டின்னைக் கவிழ்த்தான். கதவுக்கு அந்தப் பக்கம் லத்தீபா வாசித்தாள்.

“நானூத்திப் பத்து. எண்ணூறு. என்னமோ இங்கிலீசுல வருது. திரும்பல. மறுபடி திரும்பல. ஆயிரத்தி இருநூறு.”

டின்னை எடுத்தான்.

“முப்பத்தொம்பது” என்றது கதவு.

வாவு முகம்மது டின்னை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “கப்பல்ல ரேடியோவே இரும்பு அறைக்குள்ளதான் இருக்கும். சுத்தி எட்டுப் பக்கமும் இரும்பு. அதுல பம்பாயோட பேசிருக்கோம்.”

“ஏரியல் எங்க பாய் இருந்துச்சு?”

“கொடிமரத்து உச்சியில.” சொல்லிவிட்டு அவர் மோடத்தைப் பார்த்தார். அதன் முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குச்சி நின்றது. அதையும் சேர்த்துத்தான் கச்சான் அடித்த நாளெல்லாம் டின்னுக்குள் வைத்திருந்தார்.

அவர் டின்னைக் கொண்டுபோய்க் கொல்லையில் வைத்துவிட்டு வந்தார்.

“சனிக்கிழமை கச்சான் அடிச்சாலும் மூடாதீக பாய். ஒரு நாள் உப்புல ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு குருநாதன் பைக்கை எடுத்தான்.

சனிக்கிழமை விடியும்போதே கச்சான் கிளம்பிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் ரோட்டில் மணல் ஓடியது. இரண்டு மணிக்கு முன்னறை ஜன்னலைச் சாத்தியும் பலகையில் விரலால் கோடு போடலாம்போல இருந்தது.

லத்தீபா அஸர் தொழுதுவிட்டு, ஒருமுறை மோடத்தைப் பார்த்துவிட்டு உட்காரலாம் என்று முன்னறைக்கு வந்தாள். மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம். பலகையில் மோடம் தெரியவில்லை. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பெட்டி இருந்தது. நண்டு அடைத்து அனுப்பும் தெர்மாகோல் பெட்டி.

“வாப்பா.”

“ம்.”

“மூட வேணாம்னுதானே சொன்னாரு.”

“டின்னைத்தானே சொன்னாரு. இது டின்னு இல்ல.” வாவு முகம்மது நாற்காலியில் இருந்து எழவில்லை. “இது அலையை மறிக்காது. பாத்துட்டேன்.”

“எப்படிப் பாத்தீக?”

அவர் காலண்டரின் ஒரு பழைய தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். அதை நீட்டினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவள் தூங்கிய நேரத்தில் லேப்டாப்பை அவரே திறந்து, குருநாதன் தட்டிய அதே வரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறார். திறந்தபடி: 38. சில்வர் குண்டான்: திரும்பல. மண்பானை: 52. அதே பானை நனைந்தது: 230. பிளாஸ்டிக் வாளி: 40. தெர்மாகோல்: 39. ஒவ்வொன்றுக்கும் இருபது முறை பார்த்துக் கணக்குப் போட்டிருந்தது.

“வாளி இருக்கும்போது இது எதுக்கு?”

“வாளிக்கு அடியில காத்து நுழையிது. இது பலகையோட ஒட்டி நிக்கிது. சூடு வெளிய போக வடக்குப் பக்கம் ஓட்ட போட்டிருக்கேன். கச்சான் அங்கன வராது.”

அவள் தாளையும் பெட்டியையும் பார்த்தாள். நாலு அடித்தது. எடுத்துவிடலாம், ஒரு நொடி வேலை. எடுத்தால் வாப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். டின்னைக் கொல்லைக்குக் கொண்டுபோனபோதும் ஒன்றும் சொல்லவில்லை.

“தண்ணி எடுத்து வச்சுக்க. தொண்ட காயும்” என்றார் அவர்.

அவள் பெட்டியைத் தொடாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நாலேகாலுக்கு ஹெட்போனில் மூச்சுச் சத்தம் கேட்டது. “அஸ்ஸலாமு அலைக்கும். நான் சபியா. நீங்க பாட்டுக்கு நடத்துங்க, நான் இருக்குறதா நெனைக்க வேண்டாம்.”

முதலில் மஹ்மூது ஓதினான். இரண்டு இடத்தில் திருத்தினாள். திருத்தியது போய்ச் சேர்ந்தது, அவன் திருப்பி ஓதியது வந்து சேர்ந்தது. நடுவில் ஓட்டை இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது. வெளியில் காற்று கூரை ஓடுகளைப் பிராண்டியது. லைன் அறுந்துபோகிறதா என்று அவள் ஒரு காதால் காவல் இருந்தாள். அறுந்துபோகவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக முடித்துப் போனார்கள்.

“இப்ப நீங்க ஒரு பக்கம் ஓதுங்க” என்றார் சபியா ஆலிமா.

லத்தீபா ஓதினாள். குரல் நன்றாகவே வந்தது. பக்கத்தின் பாதியில் ஆறு எண்ணிக்கை நீட்டம் ஒன்று வந்தது. ஓதினாள், கடந்தாள், முடித்தாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

இரண்டு நொடி. மூன்று. நாலு. அறுந்துவிட்டது என்று நினைத்தாள். திரையைப் பார்த்தாள். இணைப்பு இருந்தது.

“லத்தீபா.” சபியா ஆலிமாவின் குரல் பக்கத்து அறையில் இருந்து வருவதுபோல் தெளிவாக வந்தது. “நடுவுல ஆறு வர வேண்டிய எடத்துல நாலுதான் வந்துச்சு. ஒங்க லைன் பத்தி ரெண்டு புகார் ஏற்கெனவே என் மேசையில இருக்கு. இது லைன் சாப்பிட்டதா?”

ஆமாம் என்று சொல்வது சுலபம். மூன்று வாரமாக எல்லாத் தப்பையும் லைன்தான் செய்தது. இதையும் அதன் தலையில் வைத்தால் யாரும் சந்தேகப்படப்போவதில்லை. லத்தீபா தன் கையைப் பார்த்தாள். ஓதும்போது மடக்கிய விரல்கள் மடங்கியபடியே இருந்தன. நாலு.

“இல்லைங்க. லைன் சரியாத்தான் இருக்கு. நான்தான் நாலுல முடிச்சிட்டேன்.”

“ஏன்?”

“நீட்டுனா நடுவுல அறுந்துரும்னு பயம். அறுந்து போறதுக்கு முந்தி முடிச்சிரலாம்னு வேகமா முடிச்சு முடிச்சு, அதுவே பழக்கமாப் போச்சு. இன்னிக்கு அறுந்து போகல. ஆனா நான் முடிச்சிட்டேன். இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது.”

“எவ்வளவு நாளா இப்படி ஓதுறீங்க?”

“மூணு வாரம் இருக்கும். பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் போயிருக்கும்.”

மறுபடி சத்தம் இல்லை. இந்த முறை லத்தீபா திரையைப் பார்க்கவில்லை.

“லைன்னு சொல்லியிருந்தீங்கன்னா இன்னிக்கே பேரை எடுத்திருப்பேன்” என்றார் சபியா ஆலிமா. “இங்க இருந்துக்கிட்டு ஒங்க ஊர் லைனை நான் என்ன பண்ண முடியும்? ஆளைத் திருத்தலாம். அந்த எடத்துல இருந்து மறுபடி ஓதுங்க. நான் எண்ணுறேன்.”

லத்தீபா தண்ணீரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தாள். நாலாவது விரலில் தொண்டை தானாக மூடப் பார்த்தது. மூட விடாமல் பிடித்தாள். ஐந்து. ஆறு.

“இன்னொரு தடவை” என்றது பினாங்கு.

மூன்றாவது புகார் வரவில்லை. அடுத்த இரண்டு வாரம் லத்தீபா தினமும் நாலு மணிக்கே உட்கார்ந்தாள். முதல் கால் மணி நேரம் அவளே மாணவி. சபியா ஆலிமா எண்ணினார். அதன் பிறகு ஐந்து பிள்ளைகளையும் அழைத்து, மூன்று வாரமாகத் தவறாகக் கற்றுக்கொடுத்ததை முதலில் இருந்து கற்றுக்கொடுத்தாள். மஹ்மூது மட்டும் ஒரு வாரம் வரைக்கும் நடுவில் நாலு நொடி நிறுத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த இடம் பிடித்துப் போயிருந்தது.